மூணு ராஜாவுக்கு வேலை பார்த்த பிரபு

ரெஸ்யூமில் மூணு கம்பெனி பேர் இருந்தாலே "ஏன் சார் அடிக்கடி மாறுறீங்க?"ன்னு இன்டர்வியூவில் குடைவாங்க. இவரோட ரெஸ்யூமைக் கொஞ்சம் பாருங்க. பிரெஞ்சுப் படையில் கர்னல், ஆஸ்திரியப் படையில் ஜெனரல், கடைசியா துருக்கி சுல்தானிடம் பாஷா. நடுவுல ரெண்டு மரண தண்டனை வேற!

பேரு க்ளோத் அலெக்ஸாந்த்ர் த போன்வால். 1675-ல் பிரான்ஸின் லிமுசான் பகுதியில், பழைய பிரபு குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே கடற்படை, அப்புறம் தரைப்படை. 1701-ல் ஒரு ரெஜிமென்ட்டையே விலைக்கு வாங்கினார். (ஆமாங்க, அப்பல்லாம் ரெஜிமென்ட் விற்பனைக்குக் கிடைக்கும். காசிருந்தா கர்னல்!) ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் இத்தாலியில் நல்லாவே சண்டை போட்டார். வம்பு வந்தது கணக்குவழக்கில். பிடித்த ஊர்களில் வசூலித்த பணத்துக்கு அமைச்சர் ஷாமியார் கணக்கு கேட்க, நம்மாளு திமிராக ஒரு கடிதம் எழுதிட்டார். இனி இங்கே இருந்தால் தலை தப்பாதுன்னு தெரிஞ்சதும் 1706-ல் நேரா எதிரிப் படைக்கே போயிட்டார். ஆள் இல்லாமலே பிரான்ஸில் விசாரணை நடந்தது. மரண தண்டனை நம்பர் ஒன்று.

அங்கே அவரைச் சேர்த்துக்கிட்டவர் இளவரசர் யூஜின். இந்த யூஜின் கதையை இங்கே சொல்லியே ஆகணும். அவரும் பாரிஸில் பிறந்தவர்தான். பதினான்காம் லூயி படையில் இடம் தரமாட்டேன்னு சொன்னதால் 1683-ல் ஆஸ்திரியா பக்கம் போய், ஐரோப்பாவின் பெரிய தளபதிகளில் ஒருவரானவர். அதாவது போன்வால் போன பாதை ஏற்கனவே யூஜின் போட்ட பாதை.

1709-ல் மால்ப்ளாக்கே போர்க்களத்தில் சொந்த நாட்டுப் படையை எதிர்த்தே நின்றார் போன்வால். 1716-ல் பீட்டர்வார்டைனில் துருக்கியரோடு மோதியபோது வயிற்றில் பலத்த காயம். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த இடத்தில் வெள்ளித் தகடு கட்டியிருந்தார்ன்னு சொல்வாங்க. அடுத்த வருஷம் யூஜின் பெல்கிரேடையே பிடிச்சார். இந்த ஊரை ஞாபகம் வச்சுக்கோங்க.

இதுக்குள்ள பிரான்ஸ் பழைய வழக்கைக் கைவிட்டது. பாரிஸ் திரும்பிய போன்வாலுக்கு 1717-ல் பிரோன் குடும்பத்துப் பெண் யூதித்தோடு கல்யாணம். சுமார் பத்தே நாள். மனுஷன் படைக்குக் கிளம்பிட்டார். அதுக்கப்புறம் அவர் மனைவியைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மா எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருக்கு. வீரக்கதை படிக்கும்போது நாம தாண்டிப் போற பக்கம் அது.

அடுத்த வம்பு பிரஸ்ஸல்ஸில். அங்கே யூஜினின் பிரதிநிதியாக ஆண்டவர் மார்க்கி த ப்ரியே. ஸ்பெயின் ராணியாக இருந்த பிரெஞ்சு இளவரசியைப் பற்றி ப்ரியே வீட்டுப் பெண்கள் அவதூறு பேசினாங்கன்னு 1724-ல் போன்வால் குதிச்சார். ப்ரியே அவரைக் கைது செய்ய, யூஜினும் ப்ரியே பக்கமே நின்றார். ராணுவ விசாரணை, மரண தண்டனை நம்பர் இரண்டு. பேரரசர் அதை ஒரு வருஷச் சிறையாகக் குறைத்து, பதவிகளைப் பறித்து நாடு கடத்தினார்.

வெனிஸில் கொஞ்ச நாள். அங்கிருந்து துருக்கி ஆட்சியில் இருந்த போஸ்னியாவுக்குப் போனார். ஆஸ்திரியாவின் கையில் ஒப்படைக்கப்படும் ஆபத்து தலைக்கு மேலே தொங்கிச்சு. 1730 வாக்கில், ஐம்பத்தைந்து வயசில், இஸ்லாத்துக்கு மாறி அஹ்மத் ஆனார். பெரிய ஆன்மிகத் தேடல் எதுவும் எனக்குத் தெரியலை. தலையைக் காப்பாத்திக்கிட்டார், அவ்வளவுதான்.

ஆனா அங்கே போய்ச் சும்மா உட்காரலை. 1731-ல் தலைமை அமைச்சர் டோபால் ஒஸ்மான் பாஷா அவரை இஸ்தான்புல்லுக்கு அழைத்து, வெடிகுண்டு வீசும் பீரங்கிப் படையைச் சீரமைக்கச் சொன்னார். அந்தக் குண்டுக்கு 'ஹும்பரா'ன்னு பேர். அதனால இவர் ஹும்பராஜி அஹ்மத் பாஷா. 1734-ல் உஸ்குதாரில் வடிவியல், பீரங்கிக் கணக்கெல்லாம் சொல்லித்தரும் பள்ளி ஒன்றும் தொடங்கினார். தங்கள் பிழைப்பில் மண் விழும்னு பயந்த ஜானிசரிப் படையினருக்கு இது பிடிக்கலை. பள்ளி நிலைக்கலை. ஆனாலும் 1773-ல் தொடங்கிய கடற்படைப் பொறியியல் பள்ளிக்கு (இன்றைய இஸ்தான்புல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் வேர்ன்னு சொல்வது அதைத்தான்) முன்னோடி முயற்சி இதுதான்.

1739-ல் பெல்கிரேட் மறுபடி துருக்கியரிடம் வந்தது. யூஜின் 1736-லேயே போய்ச் சேர்ந்துட்டார். போன்வால் அங்கேயும் அரண்மனை அரசியலில் சிக்கி, கொஞ்ச காலம் கஸ்தமோனுவுக்குத் துரத்தப்பட்டு, திரும்பி வந்து 1747-ல் இஸ்தான்புல்லில் காலமானார். அவரைச் சந்தித்ததாக எழுதிய காஸநோவா, நூலக அலமாரியைத் திறந்தால் உள்ளே ஒயின் பாட்டில்கள் அடுக்கியிருந்ததாகச் சொல்றார். காஸநோவா வார்த்தையை எவ்வளவு நம்பலாம்ங்கிறது உங்க பாடு :-)

என் கேள்வி இதுதான். யூஜின் படை மாறினார், போன்வாலும் மாறினார். யூஜினுக்கு வியன்னாவில் குதிரைமேல் சிலை. போன்வாலை ஐரோப்பா 'ஓடுகாலி'ன்னு எழுதி வச்சது. இத்தனைக்கும் சொந்த நாட்டை எதிர்த்துச் சண்டை போட்டதையே பிரான்ஸ் மன்னிச்சிருந்தது. தேசம்ங்கிற எண்ணம் இன்னும் இறுகாத காலம் அது. படை மாறுவது குற்றமில்லை, தலைப்பாகை மாறுவதுதான் குற்றம். துரோகிப் பட்டத்தை யாருக்குக் கொடுக்கணும்னு அன்னிக்கு முடிவு பண்ணது மதம்தான்.

பத்து நாள் புருஷனுக்குக் கடிதம் எழுதிய யூதித்கிட்ட கேட்டிருந்தா, வேற காரணம் சொல்லியிருப்பாங்களோ என்னவோ. நீங்க என்ன நினைக்கிறீங்க?