நான்கு நாளும் நாற்பது நாளும்

"அப்பல்லோ நாலே நாள்ல போயிருச்சு. நம்ம சந்திரயானுக்கு மட்டும் ஏன் சார் நாற்பது நாள்?" 2023 ஆகஸ்டுக்குப் பிறகு நான் பேசப் போன பள்ளிகளிலெல்லாம் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. கேட்கும் பிள்ளையின் குரலில் சின்னதாக ஒரு வருத்தமும் இருக்கும், நம்முடையது மெதுவாகப் போகிற வண்டி என்பதுபோல. அந்த வருத்தத்துக்கு இடமே இல்லை. இரண்டு பயணங்களையும் நாள்கணக்கோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது புரிந்துவிடும்.

அப்பல்லோ 11 கிளம்பியது 1969 ஜூலை 16. இறங்கியது ஜூலை 20. நான்கு நாள், ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சந்திரயான் 3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35க்குக் கிளம்பி ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு இறங்கியது. நாற்பது நாள்.

இந்த நாற்பதைப் பிரித்துப் பாருங்கள். ஆகஸ்ட் 1 நள்ளிரவு தாண்டும்வரை அது பூமியை விட்டு விலகவே இல்லை. நம் தலைக்கு மேலேதான் நீள்வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அன்று நிலவை நோக்கித் திரும்பியது, ஆகஸ்ட் 5 மாலை நிலவின் பிடிக்குள் போய்விட்டது. நடுவில் ஐந்து நாள்கூட முழுசாக இல்லை. அப்பல்லோவுக்கு இதே தூரம் மூன்று நாள் பிடித்தது. ஆக, பூமியிலிருந்து நிலவுக்குக் கடந்த பயணத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு நாளுக்கும் குறைவு. மீதி நாட்கள் இரண்டு கரையிலும் செலவானவை. முதல் கரையில் ஏன் பதினேழு நாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் தள்ளுகிற பலத்தைப் பார்ப்போம். சாட்டர்ன் 5 ராக்கெட் 110 மீட்டர் உயரம், 2,900 டன்னுக்கு மேல் எடை. அதன் மூன்றாம் அடுக்கில் ஒரே ஒரு ஜே-2 இன்ஜின். பூமியை ஒன்றரைச் சுற்று சுற்றியபின் அந்த இன்ஜினை மறுபடி பற்றவைத்தார்கள். ஏறக்குறைய 90 டன் உந்துவிசை, ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம். விநாடிக்கு 7.8 கிலோமீட்டராக இருந்த வேகம் 10.8ஐத் தாண்டியது, சுமார் 45 டன் கலம் நிலவை நோக்கிப் போய்விட்டது.

நம் எல்விஎம்3 ராக்கெட் 43.5 மீட்டர், 640 டன். அதன் உச்சியில் இருக்கும் சிஇ-20 கிரையோஜெனிக் இன்ஜின் நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதித்துத் தேறியது. அது 3,900 கிலோ சந்திரயானைக் கொண்டுபோய் விட்ட பாதை, பூமிக்கு அருகில் 170 கிலோமீட்டர், தொலைவில் 36,500 கிலோமீட்டர். அந்த நீள்வட்டத்தில் பூமியை ஒட்டி வரும்போது வேகம் விநாடிக்கு 10.3 கிலோமீட்டர் போல இருக்கும். நிலவுக்குப் போக இன்னும் 600, 700 மீட்டர் வேகம் வேண்டும். அந்த மிச்சத்தைக் கலத்திலேயே இருந்த ஒரு சின்ன இன்ஜின் தரவேண்டும். அதன் உந்துவிசை 440 நியூட்டன்.

440 நியூட்டன் என்றால் எவ்வளவு? கடையில் வாங்கும் ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. அதைத் தோளில் வைத்தால் எவ்வளவு அழுத்துமோ, அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஜே-2 தந்ததோ அப்படிப்பட்ட 1,800 மூட்டைகளின் அழுத்தம். பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். ஒரு மூட்டை அழுத்தம்தான் நான்கு டன் கலத்தைப் பூமியிலிருந்து பெயர்த்தது.

ஒரே மூச்சில் எரித்திருக்கலாமே? கணக்குப் போட்டால் ஒன்றரை மணி நேரம்போல விடாமல் எரிக்க வேண்டும். அதற்குள் கலம் பூமியை விட்டு எங்கோ உயரத்துக்குப் போயிருக்கும். அங்கே எரிக்கிற எரிபொருள் பாதி வீண். காரணம், கலம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது தருகிற தள்ளு, மெதுவாக ஓடும்போது தருகிற அதே தள்ளைவிட அதிக ஆற்றலைச் சேர்க்கும். பூமிக்கு மிக அருகில் வரும்போதுதான் கலத்தின் வேகம் உச்சம். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தாழ்ந்த புள்ளிக்கு வரும்வரை காத்திருந்து, கொஞ்ச நேரம் எரித்து, நிறுத்திவிடுகிறார்கள். ஊஞ்சல் கீழே வரும்போது ஒரு தள்ளு தள்ளிவிட்டு அடுத்த வருகைக்குக் காத்திருக்கிறோமே, அப்படி. ஐந்து தள்ளில் நீள்வட்டத்தின் எட்டம் 1,27,000 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆறாவது தள்ளு நிலவுக்கு.

இங்கே ஒரு தவறான பேச்சைத் திருத்த வேண்டும். பூமியின் ஈர்ப்பு சந்திரயானைக் கவண்கல் போல வீசியெறிந்தது என்று பல இடங்களில் எழுதினார்கள். பூமியைச் சுற்றுகிற ஒரு கலத்துக்குப் பூமியின் ஈர்ப்பு சல்லிக்காசு ஆற்றல்கூட இனாமாகத் தருவதில்லை. கீழே வரும்போது கொடுத்த வேகத்தை மேலே ஏறும்போது முழுக்கத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆற்றல் அத்தனையும் எரிபொருளிலிருந்து வந்தது. அதை எந்த இடத்தில் செலவழிப்பது என்று தேர்ந்தெடுத்ததுதான் நம்மவர்களின் கெட்டிக்காரத்தனம். ஈர்ப்புக்குக் கொடுத்த புகழை அந்தக் கணக்குப் போட்டவர்களுக்குக் கொடுங்கள்.

அப்படியானால் அப்பல்லோ இந்த வழியில் போயிருக்கலாமா? உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். பூமியைச் சூழ்ந்திருக்கும் வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்களின் மெலிந்த பகுதி வழியாக அவர்களை விறுவிறுவென்று கடத்திவிட்டார்கள். பதினேழு நாள் அந்த வளையங்களுக்குள் போவதும் வருவதுமாக மனிதர்களை வைத்திருக்க முடியாது. சந்திரயானின் மின்னணுப் பெட்டிகள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அப்பல்லோவிலோ சாப்பாடும் பிராணவாயுவும் கணக்குப் பார்த்து ஏற்றியவை. மின்சாரமும், குடிக்கிற தண்ணீரும் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்க்கிற எரிகலங்களிலிருந்து வந்தன. ஒவ்வொரு நாள் கூடும்போதும் எடை கூடும். திரும்பி வரவும் வேண்டும். அந்த 45 டன்னில் மூன்றில் இரண்டு பங்கு உந்துபொருள்தான். 2,900 டன் ராக்கெட் ஆடம்பரமாகக் கட்டப்பட்டதில்லை. மூன்று உயிர்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர அவ்வளவு வேண்டியிருந்தது. சந்திரயான் 3க்கு ஆன 615 கோடி ரூபாயை அப்பல்லோ செலவோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மெதுவான வழிக்கு இன்னொரு நன்மை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: தவறினால் மறுபடி முயலலாம். 2013 நவம்பரில், செவ்வாய்க்குப் போன நம் மங்கள்யானின் எட்டத்தை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு உயர்த்த முயன்றபோது அது 78,000 சொச்சத்தில் நின்றுவிட்டது. மறுநாள் இன்னொரு தள்ளு கொடுத்துச் சரிசெய்தார்கள்.

அதே 2023 ஆகஸ்டில் ரஷ்யாவின் லூனா 25 ஐந்து நாளில் நிலவுச் சுற்றுக்குப் போனதே, அது எப்படி என்றும் கேட்பார்கள். அதன் எடை 1,750 கிலோ. சந்திரயானில் பாதிகூட இல்லை. கலம் இலேசாக இருந்தால் ராக்கெட்டே நேராக வீசிவிடும். அது பிறகு நிலவில் மோதியதற்கும் குறுக்கு வழிக்கும் சம்பந்தமில்லை. நிலவுச் சுற்றில் 84 விநாடி எரியவேண்டிய இன்ஜின் 127 விநாடி எரிந்துவிட்டது.

இரண்டாவது கரையில் கழிந்த பதினெட்டு நாளில் சந்திரயான் வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, இறங்குமிடத்தில் விடிவதற்காகக் காத்திருந்தது. அதன் இறங்குகலமான விக்ரமும் ஊர்தியான பிரக்யானும் சூரிய ஒளியில் ஓடுகிறவை. நிலவின் ஒரு பகல் நமக்குப் பதினான்கு நாள். விடியலில் இறங்கினால்தான் பகல் முழுக்க வேலை செய்யலாம். அப்பல்லோவும் காலை வெயிலில்தான் இறங்கியது. சூரியன் பத்து டிகிரி உயரத்தில் இருக்கும்போது பாறைக்கும் பள்ளத்துக்கும் நீண்ட நிழல் விழும், விமானியின் கண்ணுக்குத் தரை தெரியும். புறப்பாடு தள்ளிப்போனால் இன்னும் மேற்கே, அப்போதுதான் விடிகிற வேறொரு இடத்துக்குப் போகத் திட்டம் வைத்திருந்தார்கள். கற்பாறைகள் கிடந்த பள்ளத்தைப் பார்த்து ஆர்ம்ஸ்ட்ராங் கலத்தைக் கையால் ஓட்டித் தாண்டினார். விக்ரமில் அந்த வேலையைச் செய்தது 150 மீட்டர் உயரத்தில் நின்று தரையைப் படமெடுத்து இடம் தேர்ந்த கேமராவும் கணினியும்.

இறங்குகலத்தைக் கொண்டுபோய் விட்ட உந்துகலத்தில் 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிஞ்சியிருந்தது. அக்டோபரில் அதே சிமென்ட் மூட்டை இன்ஜினை எரித்து வட்டத்தை உயர்த்தி, நிலவை விட்டுக் கிளப்பினார்கள். நவம்பர் 22 அன்று அது பூமியைச் சுற்றும் பாதையில், நம்மிடமிருந்து 1,54,000 கிலோமீட்டர் தூரத்தில் வந்துபோனது.