பாட்டி என்றொரு கடற்சாமந்தி

நண்பர் வீட்டுத் தொட்டியில் விரிந்திருந்த கம்பளச் சாமந்தியைக் கண்டபோது எடின்பரோவின் 'பாட்டி' நம் நினைவுக்கு வந்தாள்.

1828இல் நார்த் பெரிக் கடற்கரையிலிருந்து சர் ஜான் டேலியல் எடுத்துவந்த கடற்சாமந்தி அவள். ஒரு கண்ணாடிக் குடுவையும் மாற்றி ஊற்றிய கடல்நீருமே அவள் உலகம். 1851இல் டேலியல் மறைந்தார். குடுவை ஃபிளெமிங், மக்பெய்ன், சாட்லர், லிண்ட்சே எனக் கைமாறியது. வளர்த்தவர் நால்வருக்குப் பின்னும் வாழ்ந்து, 1887 ஆகஸ்டில்தான் பாட்டி மடிந்தாள். ஐம்பத்தொன்பது ஆண்டுகள்!

ஆயின் அவ்வெளிமை கம்பளச் சாமந்திக்கு ஒவ்வாது. பாட்டியின் இனம் நாள்தோறும் அலை வற்றி வெயிலும் குளிரும் பட்டுப் பழகியது. இதுவோ வெப்பக்கடல் உயிர். தன் திசுவில் குடியிருக்கும் நுண்பாசி ஒளியில் சமைப்பதையே பெரிதும் உண்பது. ஒளி குன்றினாலோ வெப்பம் மிகுந்தாலோ பாசியை உமிழ்ந்து வெளுக்கும். பெயர்க்கும்போது அடித்தட்டு கிழிந்தால் பிழைப்பது அரிது.

1854இல் ஃபிலிப் காஸ் எழுதிய நூல் கடல்தொட்டி மோகத்தை இங்கிலாந்தெங்கும் வளர்த்தது. கரையோரப் பாறைக் குட்டைகள் சூறையாடப்பட்டதை அவர் மகன் எட்மண்ட் 1907இல் வருந்தி எழுதினார்.

இது எந்தக் கடலிலிருந்து வந்தது என நண்பரைக் கேட்டோம். கடைக்காரர் சொல்லவில்லையாம், அவரும் கேட்கவில்லையாம்.