அஞ்செழுத்து சேரிக்கு வந்த வழி



பெற்றான் சாம்பான் என்ற பெயர் சைவ மடங்களில் பாடம் கேட்டவர்களுக்குத் தெரியும். நம் மாணவர்களில் பலர் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். நந்தனைப் போல அவருக்குப் பெரியபுராணத்தில் இடமில்லை, கீர்த்தனை இல்லை, சினிமா இல்லை. அவரைப் பற்றி இருப்பது ஒரு கதை மட்டும்தான். அந்தக் கதையிலிருந்து தொடங்குகிறோம்.

14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவம் தில்லைவாழ் அந்தணர்களில் ஒருவர், சைவ சித்தாந்தத்தின் சந்தான குரவர்களில் நான்காமவர். மறைஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டு, நெசவாளர் வீட்டுக் கஞ்சியை அவர் கைவழியே குடித்ததால் சொந்தச் சாதியாரால் விலக்கப்பட்டார் என்றும், ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் மடம் அமைத்து வாழ்ந்தார் என்றும் மரபு சொல்கிறது. அந்த மடத்துக்கு விறகு போட்டவர் பெற்றான் சாம்பான். பறையர். இவருக்குத் தீட்சை கொடுத்து முத்தி அளிக்கும்படி நடராசரே சீட்டு எழுதி அனுப்ப, உமாபதி சிவம் அப்படியே செய்தார், சாம்பான் அந்த இடத்திலேயே ஒளியாகி மறைந்தார் என்பது கதை. அவர் மனைவி அரசனிடம் போனார். என் கணவரைக் குருக்கள் எரித்துவிட்டார் என்று முறையிட்டார். அரசன் வந்து விசாரித்தபோது, உமாபதி சிவம் அங்கே நின்ற முள்ளிச் செடிக்கும் முத்தி கொடுத்துக் காட்டினார். அதுவும் ஒளியாக மறைந்தது. அரசன் வணங்கினான்.

இதைச் சைவர்கள் சாதி கடந்த அருளுக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். நமக்கு அந்த மனைவிதான் கண்ணில் படுகிறார். இந்தக் கதையில் சேரியின் குரல் என்று ஒன்று இருந்தால் அது அவருடையது. முள்ளிச் செடியின் அற்புதம் அரசனுக்குப் பதில், அவருக்கு அல்ல. விறகு வெட்டிச் சோறு போட்டவர் வீடு திரும்பவில்லை. அடுத்த வேளைக்கு அவர் என்ன செய்தார் என்று கதை சொல்லவில்லை. பறையனுக்கும் முள்ளிக்கும் ஒரே தீட்சை என்பதில் உள்ள உவமையையும் நாம் கவனிக்காமல் விட முடியாது.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த மந்திரத்தில்? ‘நமசிவாய’ யசுர் வேதத்தின் ஸ்ரீருத்ரத்தில் வருகிறது. வேதம் ஓதக் கூடாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் அந்த ஐந்து எழுத்தைத் தமிழில் பாடிக் கொடுத்தவர்கள் ஏழாம் நூற்றாண்டின் சம்பந்தரும் அப்பரும். இருவருக்கும் அதன் பெயரிலேயே பதிகங்கள் உண்டு. பின்னால் வந்த சித்தாந்தம் அந்த எழுத்துகளுக்குப் பொருள் வகுத்தது: ‘சி’ சிவம், ‘வ’ அருள், ‘ய’ உயிர், ‘ந’ மறைக்கும் ஆற்றலாகிய திரோதம், ‘ம’ மலம். உயிர் நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் மலம், மறு பக்கம் சிவம். ‘சிவாயநம’ என்று மாற்றிச் சொல்லும்போது சிவம் முன்னே வருகிறது, மலம் பின்னே போகிறது. இதைச் சூக்கும பஞ்சாட்சரம் என்பார்கள். காலையும் மாலையும் 108 உரு என்று எண்ணிச் செபிப்பார்கள். உரக்கச் சொல்வதைவிட உதடு மட்டும் அசைய முணுமுணுப்பது மேல், அதைவிட மனத்துக்குள் சொல்வது மேல் என்று தரம் பிரித்திருக்கிறார்கள்.

இதில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியமானவை. மலம் எல்லா உயிருக்கும் அநாதியாக உண்டு என்கிறது சித்தாந்தம். அது பார்ப்பாருக்கும் உண்டு, வேளாளருக்கும் உண்டு. பறையருக்கென்று தனி மலம் எதுவும் அந்தச் சாத்திரத்தில் இல்லை. அடுத்தது, மனத்துக்குள் சொல்வதே உயர்ந்த செபம் என்றால் அதை யாரும் தடுக்க முடியாது. களத்துமேட்டில் கதிர் அடிப்பவன் உள்ளுக்குள் என்ன சொல்கிறான் என்று எந்த மிராசுதாருக்குத் தெரியும்?

ஆகவேதான் ஒலியைச் சுற்றி வேலி போட்டார்கள். யார் தீட்சை தருவது, தொட்டுத் தருவதா, தள்ளி நின்று பார்வையால் தருவதா, எந்த இடத்தில் நின்று சொல்வது என்று வேலி நீண்டது. சாம்பானுக்குக் கிடைத்தது நயன தீட்சை என்று சொல்வோர் உண்டு. நயன தீட்சை கண்ணால் தரப்படுவது, அதற்குத் தொட வேண்டியதில்லை. வைணவத்திலும் இதே கதைதான். இராமானுசர் எட்டெழுத்துக்காகத் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார், பெற்றதும் ஊரறியச் சொன்னார் என்று குருபரம்பரைக் கதைகள் புகழ்கின்றன. அவருக்குப் பின் வடகலையார், பார்ப்பனரல்லாதார் ‘ஓம்’ நீக்கித்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். தென்கலையார் மறுத்தார்கள். மந்திரத்தை எல்லாருக்கும் கொடுத்த பிறகும் அதன் முதல் எழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியம் இருக்கிறதே, அது சாதிக்கே உரியது.

இப்போது நந்தனிடம் வருவோம். சுந்தரர் அவரைத் திருநாளைப்போவார் என்று பெயர் சொல்லிப் போனார், அவ்வளவுதான். நம்பியாண்டார் நம்பி ஆதனூரைச் சொன்னார், புலை போய் முனியானதைச் சொன்னார், தில்லை மூவாயிரவர் கைகூப்பியதைச் சொன்னார். அவர் பாட்டில் தீ இல்லை. தீயை மூட்டுவது 12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். அவருடைய நந்தன் கோயில் பேரிகைக்குத் தோல் கொடுக்கிறார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறார், பூசைக்குக் கோரோசனை கொடுக்கிறார். உள்ளே ஒலிப்பதெல்லாம் அவர் கொடுத்தது, அவர் மட்டும் வெளியே நிற்கிறார். கனவில் இறைவன் சொன்னபடி தீயில் இறங்கி, அந்த உடம்பு போய், பூணூல் மார்போடு எழுந்து, அம்பலத்துக்குள் போய் மறைகிறார். மலம் எல்லா உயிருக்கும் பொது என்று சாத்திரம் சொல்ல, புராணம் அதைப் பிறப்பின்மீது ஏற்றி எரிக்கிறது. அதே தில்லையில் இருவரும் ஒளிக்குள் போனார்கள். இருவரில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அடுத்த சிக்கல் எழுந்திருக்கும்: தீட்சை பெற்ற பறையர் எந்தத் தெருவில் குடியிருப்பார்?

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கதையை வயலுக்குக் கொண்டுவந்தார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியர் இங்கே பண்ணையாராக வருகிறார். நந்தன் சேரியில் சிவநாமத்தைப் பரப்ப, சேரிப் பெரியவர்களே பதறிப் போகிறார்கள். அவர்களைக் கேலி செய்வது எளிது. பண்ணையாள் ஒருவன் செபத்தில் உட்கார்ந்தால் அடி எல்லார் முதுகிலும் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். 40 வேலி வேலையை முடித்துவிட்டுப் போ என்று வேதியர் சொல்வதில்தான் உண்மை வெளியே வருகிறது. அவருக்குச் சிக்கல் மந்திரம் அல்ல, ஆள்கணக்கு. செபிக்கிற நேரம் பண்ணையின் நேரம். ‘நாளைப் போவேன்’ என்பது பக்தனின் ஏக்கமாக மட்டுமே நமக்குச் சொல்லித் தரப்பட்டது. விடுப்புக் கிடைக்காத கூலியாளின் பேச்சாகவும் அதைக் கேட்கலாம். நாம் அப்படித்தான் கேட்கிறோம்.

அயோத்திதாசர் இந்தக் கதை முழுவதையும் மறுத்து, நந்தனைச் சூழ்ச்சியால் கொல்லப்பட்ட அரசனாக எழுதினார். அது ஒரு வழி. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த இன்னொருவர் வேறு வழியில் போனார். முனுசாமியாகப் பிறந்து, வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகி, சகஜானந்தர் என்று பெயர் பெற்றார். துறவு பூண்ட தலித், தீட்சை பெற்றவர், காவி உடுத்தவர், சிதம்பரத்துக்கே வந்தார். பழைய கதைப்படி அவர் மறைந்திருக்க வேண்டும். அவர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். பிறகு சட்டமன்றத்துக்குப் போய் நிலம், கல்வி, கோயில் நுழைவு பற்றியெல்லாம் பேசினார். 1959இல் இறக்கும்வரை அந்த ஊரைவிட்டுப் போகவில்லை.

அவர் சைவத்தை விடவில்லை என்பதற்காக அவரைக் குறை சொல்வோர் நம்மிடையே உண்டு. அந்த விவாதம் தேவையானது, அதை மூட நாம் விரும்பவில்லை. அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் எடுத்த முடிவை ஏற்றவர்கள் நாம். ஆனால் மந்திரத்தைப் பெற்ற தலித் உடம்பு எரியாமல், ஒளியாகாமல், மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு எடுத்தது என்பது சிதம்பரத்தின் வரலாற்றில் சின்ன மாற்றம் அல்ல.

வேலி இன்னும் இருக்கிறது. 2008 மார்ச்சில் சிவனடியார் ஆறுமுகசாமி சிற்றம்பல மேடையில் ஏறித் தேவாரம் பாட அரசாணையும் காவல்துறையும் வேண்டியிருந்தன. தேவாரம் அந்தக் கோயிலுக்கு அந்நியம் அல்ல, அது கிடைத்ததே அங்கிருந்துதான் என்கிறது மரபு. கீழே நின்று பாடினால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆறு படிகளோ ஏழு படிகளோ, அந்த உயரத்துக்குத்தான் சண்டை நடந்தது.