பஸ் தூரம்: தென்சென்னைப் புறநகரில் பராமரிப்புக் குழந்தைகளுக்கான இடத்தேர்வு

பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பும் செம்மஞ்சேரிக் குடியிருப்பும் அக்கம்பக்கம். இரண்டிலும் வசிப்பவர்கள் ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரின் பிற குடிசைப் பகுதிகளிலிருந்தும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். 2018இல் சோழிங்கநல்லூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தபோது செம்மஞ்சேரி அதோடு போயிற்று. பெரும்பாக்கம் காஞ்சிபுரத்திலேயே நின்று, 2019 நவம்பரில் பிறந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் வந்தது. பெற்றோர் இல்லாமலோ, இருந்தும் அவர்களால் பார்த்துக்கொள்ள முடியாமலோ தவிக்கும் ஒரு பிள்ளை எந்த மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிற்கும், எந்த ஊர் இல்லத்துக்குப் போகும் என்பதைப் பெரும்பாலும் இந்த எல்லைக்கோடுதான் முடிவு செய்கிறது.

பக்கத்திலுள்ள தாம்பரம் மாநகராட்சிக்கு இந்த முடிவில் பங்கு எதுவும் இல்லை. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான அமைப்பு அது. பல்லாவரத்துச் சந்து முதல் பெருங்களத்தூர் ஏரிக்கரை வரை எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வரி வசூலிப்பவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் தெரியும். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட குழந்தைக்கு உள்ளாட்சி மன்றமே சட்டப்படி பொறுப்பாளி. அந்நாட்டின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 22சி பிரிவு, தங்கவைக்கும் இடம் வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும், படிப்பு கெடக் கூடாது, உடன்பிறந்தாரைப் பிரிக்கக் கூடாது என்கிறது. 'இயன்றவரை' என்ற விலக்கும் அதிலேயே உண்டு. அந்த விலக்கு அங்கே எவ்வளவு தாராளமாகப் பயன்படுகிறது என்பது வேறு கதை. நாம் கவனிக்க வேண்டியது, தூரம் அங்கே சட்டத்தின் சொல்லாகவே இருக்கிறது என்பதைத்தான்.

நம்முடைய 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் குறைபட்டதல்ல. குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும். நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை வர வேண்டும். 37ஆம் பிரிவு, பெற்றோரிடமே திருப்பி ஒப்படைப்பது, தகுதியுள்ள ஒருவரிடம் விடுவது, வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு, இல்லம் என்று பல வழிகளைக் குழுவின் கையில் தருகிறது. நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பதை 3ஆம் பிரிவு கோட்பாடாகவே வைத்திருக்கிறது. ஆனால் பேச்சுவழக்கில் இத்தனையும் 'ஹோம்ல போடுறது' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. எங்கே காலியிடம் இருக்கிறது என்று விசாரித்து இடம் முடிவாகிறது. அந்தக் குழந்தைக்கு என்ன தேவை என்று சொல்ல வேண்டிய தனிநபர் பராமரிப்புத் திட்டம் பிறகு எழுதப்படுகிறது. இடம் முடிவான பின் எழுதுவதைத் திட்டம் என்று சொல்வது சிரமம். அது பதிவேடு.

இந்தத் திட்டத்தை எழுதச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட வழக்குக்கும் இப்பகுதிதான் காரணம். மாமல்லபுரத்து அநாதை இல்லம் ஒன்றில் நடந்ததாகச் சொல்லப்பட்ட பாலியல் கொடுமை பற்றி 2007இல் ஒரு கடிதம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அது பொதுநல வழக்காகி, 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா அமர்வின் தீர்ப்பைப் பெற்றது. எல்லா இல்லங்களும் பதிவு பெற வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. நான்கு சுவருக்குள் நடப்பதை வெளியாள் யாரும் பார்க்காத இடத்தில்தான் கொடுமை நீடிக்கிறது என்று அந்தத் தீர்ப்பை நான் புரிந்துகொள்கிறேன். வெளியாட்களிலேயே மிக நம்பகமானவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும் தாயோ பாட்டியோதான். ஆய்வுக் குழு முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரலாம்; பாட்டி அப்படி வருவதில்லை. ஆக, தூரம் என்பது பாசம் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, பாதுகாப்பு சம்பந்தப்பட்டதும்கூட.

பெரும்பாக்கத்தில் ஒரு தாயை வைத்துக்கொள்வோம். கணவன் இல்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை, மாதம் பத்தாயிரம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. பன்னிரண்டு வயது மகள், ஒன்பது வயது மகன். பிள்ளைகள் இல்லத்துக்குப் போனால் மகள் ஓரிடம், மகன் வேறோரிடம், ஏனென்றால் பெண்கள் இல்லமும் ஆண்கள் இல்லமும் தனித்தனி. வாரத்தில் ஒரே விடுமுறை நாள். மேடவாக்கம் வந்து பஸ் மாறி, தாம்பரத்தில் இறங்கி இன்னொன்று பிடித்து, கையில் ஒரு பை முறுக்கோடு மகனைப் பார்த்துவிட்டு வந்தால் மகளைப் பார்ப்பது அடுத்த வாரம்தான். மூன்றாம் மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றாகும். பிறகு தீபாவளி, பொங்கல்.

இவளுக்கு உதவத் தோதான வழி நிதி ஆதரவு. குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டுதலின்படி குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். ஆனால் நகரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 8,000. பத்தாயிரம் சம்பாதிப்பவள் வெளியே நிற்கிறாள். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள உதவி கேட்டால் வருமானச் சான்று குறுக்கே வருகிறது. இல்லத்தில் விட்டால் அரசே செலவு பார்க்கிறது. ஏழ்மையைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்காதே என்று சொல்லும் அமைப்பு, பிரித்தால்தான் பணம் தருவேன் என்றும் சொல்கிறது. உச்சவரம்பைப் புறநகர் வாடகையோடு பொருத்தி மாற்றாமல் இடத்தேர்வைப் பற்றிப் பேசுவதில் பாதி வீண்.

இல்லத்துப் பிள்ளைகளுக்குப் போக வீடு உண்டா என்று கொரோனாக் காலம் நமக்கு ஒரு சோதனையை இனாமாக நடத்திக் காட்டியது. தொற்று தொடங்கியபோது நாடு முழுவதும் இல்லங்களில் 2,27,518 குழந்தைகள் இருந்தார்கள்; அவர்களில் 1,45,788 பேர் குடும்பத்திடமோ காப்பாளரிடமோ திருப்பி அனுப்பப்பட்டதாக 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. போக வீடு இருந்தது என்பதற்கு இது சான்று. அந்த வீடு நல்ல வீடா என்பதற்கு இது சான்றாகாது. அவசரத்தில் அனுப்பப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று பின்தொடராமல் இந்த எண்ணை வெற்றியாகக் காட்டுவது தவறு.

அருகில் இருப்பதே ஆபத்தாகும் குழந்தைகளும் உண்டு. தகப்பனோ சித்தப்பனோ கை வைத்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் அந்தப் பெண்ணை வைக்க முடியாது. தாம்பரம் ரயில் நிலையத்தில் தென்மாவட்ட வண்டியிலிருந்து தனியே இறங்கும் பையனுக்குத் தாம்பரம் 'அருகு' ஆகாது. விசாரணைக்குப் பின் சொந்த மாவட்டக் குழுவுக்கு மாற்ற இளைஞர் நீதிச் சட்டத்தின் 95ஆம் பிரிவு இருக்கிறது. இவர்களுக்குத் தூரம் வேண்டும் என்றால் அதற்கான காரணம் ஆணையில் எழுதப்படட்டும். காரணம் எழுதாமல் அனுப்பப்படும் தூரத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மூன்று மாவட்டக் குழுக்களும் காலியிடங்களையும் வளர்ப்புக் குடும்பங்களையும் ஒரே பட்டியலில் பார்க்கட்டும். பெரும்பாக்கத்துப் பையனுக்குச் சோழிங்கநல்லூரில் இடம் இருந்தால் மாவட்டம் வேறு என்பது தடையாக வேண்டாம். ஒவ்வொரு ஆணையிலும் இரண்டு வரி கூடுதலாக வரட்டும்: இந்தக் குழந்தையைப் பார்க்க வரப்போவது யார், அவர் வர எத்தனை பஸ் மாற வேண்டும்.