ஐந்து மாதம் தாமதமாக வந்த சமாதானம்

பாரிஸில் வேலை பார்க்கும் என் மகள் போன வாரம் போனில் பேசினாள். காலையில் லண்டன் போய், வேலையை முடித்துக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டாளாம். இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர்தான். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். நாம் அரியாங்குப்பத்தில் பஸ் ஏறிக் கடலூரில் இறங்குவதைவிடக் கொஞ்ச நேரம்தான் கூடுதல்.

கடலூர் என்றதும் எனக்கு வேறொரு கணக்கு ஞாபகம் வந்தது. அந்த இரண்டு தலைநகரங்களும் சண்டை போட்டபோது, அதன் கடைசிப் போர்களில் ஒன்று நடந்தது இதே கடலூரில்தான்.

அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததால் 1778-இல் இங்கிலாந்தோடு போர் மூண்டது. அந்த வருஷம் அக்டோபரிலேயே புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்டது. பதிலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 1782-இல் கடலூரைப் பிடித்தார்கள். அதை மீட்க, 1783 ஜூன் மாதம் ஜெனரல் ஸ்டூவர்ட் சென்னையிலிருந்து படையோடு வந்து ஊருக்குத் தெற்கே முகாம் போட்டார். கோட்டைக்குள் இருந்தவர் புஸ்ஸி. நம் புஸ்ஸி வீதி அவர் பெயரில் வந்ததுதான்.

ஜூன் 13-ஆம் தேதி நடந்த சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் மட்டும் சுமார் ஆயிரம் பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். ஜூன் 20-இல் கடலில் சுஃப்ரேனின் 15 போர்க்கப்பல்களும் ஆங்கிலேயரின் 18 கப்பல்களும் மோதின. அதில் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். ஜூன் 25-ஆம் தேதி பிரெஞ்சுப் படை வெளியே வந்து ஆங்கிலேய முகாமைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது. இரண்டு படையிலும் வெள்ளைக்காரர்களோடு நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

ஜூன் 29-ஆம் தேதி வெள்ளைக் கொடி கட்டிய ஓர் ஆங்கிலக் கப்பல் வந்தது. அது கொண்டுவந்த சேதி: போர் முடிந்துவிட்டது! வெர்சேல்ஸில் முதற்கட்ட உடன்படிக்கை கையெழுத்தானது ஜனவரி 20-ஆம் தேதி. அதாவது, இங்கே அத்தனை பேரும் செத்தது சமாதானம் ஆகி ஐந்து மாதம் கழித்து.

யாரும் வேண்டுமென்றே சேதியை மறைக்கவில்லை. அன்று சூயஸ் கால்வாய் கிடையாது. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும், அதுவும் காற்று மனசு வைத்தால். 1757 மே மாதம் பிரான்ஸை விட்டுக் கிளம்பிய லாலி, புதுச்சேரியில் கால் வைத்தது 1758 ஏப்ரல் கடைசியில். கிட்டத்தட்ட ஒரு வருஷம்! கையெழுத்துப் போட்டவர்களுக்கும் இது தெரியும். சமாதானத்துக்குப் பிறகு பிடிபடும் கப்பல்களைத் திருப்பித் தருவது பற்றி எழுதும்போது, பக்கத்துக் கடல்களுக்குக் குறைந்த தவணையும் நம்மைப் போன்ற தூரக் கடல்களுக்கு ஐந்து மாதமும் வைத்தார்கள். கப்பலைத் திருப்பித் தரலாம். செத்தவனை?

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1870-இல் கடலடித் தந்திக் கம்பி பம்பாயை லண்டனோடு இணைத்தது. அதன் பிறகு இப்படி ஒரு தாமதத்துக்கு இடமில்லாமல் போனது.

புஸ்ஸி 1785 ஜனவரியில் புதுச்சேரியிலேயே காலமானார். அவர் பெயரில் ஒரு வீதி இருக்கிறது, சுஃப்ரேன் பெயரிலும் இருக்கிறது. ஆனால் அந்த ஜூன் மாதம் விழுந்த நம்மூர்ச் சிப்பாய்களின் பெயரில் ஒரு சந்துகூட இருப்பதாக நான் பார்த்ததில்லை.

மகள் ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு சேதி அனுப்புவாள். இரண்டு நிமிஷம் தாமதமானால்கூட எனக்கு இருப்புக் கொள்ளாது.