முகமூடி இல்லாத சூப்பர் ஹீரோ - பந்துலுவின் கப்பலோட்டிய தமிழன்

ஸ்பைடர்மேனுக்கு சிலந்திக் கடி, பேட்மேனுக்கு அப்பா சொத்து, சூப்பர்மேனுக்கு வேற்றுக்கிரகப் பிறப்பு. தூத்துக்குடிக்காரர்களின் சூப்பர் ஹீரோவுக்கு இருந்தது ஒரு தலைப்பாகை, ஒரு வக்கீல் கோட்டு, 25 ரூபாய் பங்குப் பத்திரங்கள். இவ்வளவுதான்! இதை வைத்துக்கொண்டு பி.ஆர்.பந்துலு 1961-ல் எடுத்த படம்தான் "கப்பலோட்டிய தமிழன்".

பந்துலு மைசூர் சீமையில் கோலார் பக்கம் பிறந்தவர். தமிழ்நாட்டுக்காரரே அல்ல. ஆனால் 1959-ல் அவர் எடுத்த "வீரபாண்டிய கட்டபொம்மன்" பாஞ்சாலங்குறிச்சிக் கதை. இரண்டே வருடத்தில் எடுத்த இந்தப் படம் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவரின் கதை. இரண்டு ஊருக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். சிவாஜி ரசிகர்கள் இந்த இரண்டு படங்களையும் சேர்த்தே பேசுவார்கள். ஆனால் கட்டபொம்மன் வசனத்தை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள்கூட, வ.உ.சி. படம் என்றால் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஏன்?

காரணம், இது தோற்றுப்போன ஹீரோவின் படம்.

முதலில் நிஜக் கதை. அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் என்ற ஆங்கிலக் கம்பெனியின் கையில். வ.உ.சி. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள் வாங்கினார், அதாவது 2 லட்சம் ரூபாய். 1907-ல் எஸ்.எஸ்.காலியா, எஸ்.எஸ்.லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்துவிட்டன. காலியாவில் சுமார் 1,300 பயணிகள், 4,000 மூட்டை சரக்கு ஏற்றலாம். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசப் பயணம், கூடவே ஒரு குடையும் இனாம் என்கிற அளவுக்கு இறங்கியது. (இந்தக் கால மொபைல் கம்பெனிகள் கண்டுபிடித்த தந்திரம் என்று நினைத்தால், அது நூறு வருடப் பழசு!)

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். நிர்வாகம் இறங்கிவந்து கூலியை உயர்த்தியது. மார்ச் 12-ல் கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை இரட்டை ஆயுள், மொத்தம் 40 வருடம். மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதில் செக்கிழுத்தார்.

படத்தில் சிவாஜி செக்கிழுக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பந்துலுவின் தைரியம் ஆனால் அதற்குப் பிறகு இருக்கிறது. சாதாரண ஹீரோ படம் என்றால் சிறைக்கதவு திறந்ததும் மாலை, மேளம், கூட்டம். இங்கே 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வருகிறார். கூட்டம் இல்லை. தொழுநோயால் உருக்குலைந்த சிவா வந்து நிற்கிறார். கம்பெனி அதற்குள் கலைக்கப்பட்டாயிற்று, கப்பல்கள் கைமாறிவிட்டன. காசு கொடுத்துப் படம் பார்க்க வந்தவர்களிடம் இதைக் காட்ட ஒரு டைரக்டருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! படம் வந்தபோது வசூலும் இல்லை. தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது என்பது வேறு விஷயம்.

குறை இல்லாமல் இல்லை. ஜெமினி கணேசன் - சாவித்திரி காதல் வியாபாரத்துக்காகச் சேர்த்தது. பாரதியார் பாட்டு டூயட் ஆகிவிட்டது (பி.பி.ஸ்ரீனிவாஸ், சுசீலா குரலில் கேட்டால் கோபம் வராது, அது வேறு). பெரிய குறை, எல்லா சூப்பர் ஹீரோ படங்களுக்கும் உள்ளதுதான்: ஒரே மனிதர் எல்லாவற்றையும் செய்கிற மாதிரி தோன்றும். மில் தொழிலாளிகளும், பங்கு வாங்கிய வியாபாரிகளும், சுடப்பட்ட அந்த 4 பேரும் கூட்டத்தில் கரைந்துவிடுகிறார்கள். படம் ம.பொ.சி.யின் நூலை ஒட்டியது. ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு அப்படித்தான் இருக்கும். இந்த மற்ற மனிதர்களைத் தேட வேண்டுமானால் ஆ.இரா.வேங்கடாசலபதியின் "திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908" படிக்கலாம், 2024-க்கான சாகித்திய அகாடமி பரிசு பெற்றது. விடுதலைக்குப் பின் வந்த வறுமையிலும் படத்துக்கு எட்டாத விவரங்கள் உண்டு. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தனக்காகத் திரட்டி காந்தியிடம் கொடுத்த பணத்துக்காக வ.உ.சி. கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 1916-ல் கடைசியாக வந்து சேர்ந்த தொகை 347 ரூபாய் 12 அணா.

இன்னொரு ஒற்றுமை. 1955 முதல் வருடாவருடம் நடந்த தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-ல் கடைசியாக நடந்தது, சிப்பி குறைந்துபோனதால் அதன்பின் நடக்கவில்லை. கடலுக்குள் மூச்சடக்கி இறங்கிய அந்த ஆட்களைப் பற்றி பந்துலு படம் எடுக்கவில்லை. அதே வருடம் நவம்பரில்தான் இந்தப் படம் திரைக்கு வந்தது. துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயர் வந்தது அதற்குப் பிறகு 50 வருடம் கழித்து, 2011-ல்.