தாத்தா காலத்துத் துப்பாக்கி: காலியா, கெட்டிச்சதா?

நம்ம திருக்கோகர்ணம் 1948 மார்ச் வரைக்கும் தொண்டைமான் சமஸ்தானம். அப்புறம் வந்த 1959 ஆயுதச் சட்டத்துல, பயிர்ப் பாதுகாப்புக்குன்னு வாய்வழியா மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்குத் தனி இடமே உண்டு. கடலைக் கொல்லையில பன்னி விரட்டத்தான்.

அதுல ஒரு கெடுதல். உள்ளே மருந்து இருக்கான்னு வெளியில தெரியாது. பரண்ல பல வருஷம் கிடந்தாலும், கருமருந்து காய்ஞ்சிருந்தா வெடிக்கும். அதனால, விவரம் தெரிஞ்சவங்க கெஜக்கோலைக் குழலுக்குள்ள விட்டு, எடுத்து வெளியில வச்சு அளப்பாங்க. அடி வரைக்கும் போகலைன்னா உள்ளே ஏதோ இருக்கு.

பின்பக்கம் தோட்டா போடுற துப்பாக்கி வந்து இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துச்சு. 1890-கள்ல பிரான்சுல டார்ன் செஞ்சது இன்னும் விசேஷம். குழலை மடக்க வேண்டாம். மேல இருக்கிற பிடியைத் தூக்கி இழுத்தா, அடைப்பு மேசை டிராயர் மாதிரி பின்னால நகரும். குழல் காலியான்னு கண்ணால பார்த்துடலாம். ஆனா கருமருந்துக்குச் செஞ்ச பழைய குழல்ல இன்னிக்குத் தோட்டாவைப் போட்டா குழலே கிழிஞ்சுடும்.

பரண்ல அப்படி ஒண்ணு இருந்தா, கெட்டிச்சதுன்னே நினைங்க. விசையைத் தொடாதீங்க, சுட்டுப் பார்க்காதீங்க, பிள்ளைங்களை அண்ட விடாதீங்க. லைசென்ஸ்காரர் காலமாகியிருந்தா போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லுங்க. வாரிசு பேர்ல உரிமம் இல்லாம வச்சிருக்கிறதும் குத்தம்தான்.